வயது வந்தோர் கல்லூரியில் சேர்தல்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்

பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்களும், பள்ளியோடு நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போனவர்களும் பின்னாளில் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிப்பது வயது வந்தோர் கல்லூரிச் சேர்க்கை எனப்படும். விருதுநகர் மாவட்டத்தின் மேற்கில், மலையடிவாரத்தில் ஏறத்தாழ 12 கி.மீ. இடைவெளியில் இருக்கும் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இப்படிப் படிக்க விரும்புவோர் பெரும்பாலும் தொலைநிலைக் கல்வியையே நாடுகின்றனர். அதில் இடம் கிடைப்பது கடினமன்று. கிடைத்த பட்டம் பின்னர் எங்கெல்லாம் செல்லும் என்பதே சிக்கலானது. அதைத் தீர்மானிப்பது கல்லூரி விண்ணப்பம் அல்ல, அதற்கு முன் கையில் இருக்கும் பள்ளிச் சான்றிதழ்கள்.

ஊரும் வேலையும்

பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியதிலிருந்து ராஜபாளையம் நூற்பாலை நகரமாக வளர்ந்தது. அருகிலுள்ள சத்திரப்பட்டி மருத்துவப் பேண்டேஜ் துணி நெசவுக்குப் பெயர் பெற்றது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலாலும், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவாலும் அறியப்படும் ஊர். மாவட்டத் தலைநகர் விருதுநகர் என்றாலும் மாவட்ட முதன்மை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். இந்தச் செய்தி கீழே சட்டப் படிப்பைப் பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

இவ்வூர்களில் கல்லூரிக்குக் குறைவில்லை. 1973இல் தொடங்கிய ராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரி, ஏ. கே. டி. தர்மராஜா மகளிர் கல்லூரி, பி. ஏ. சி. ராமசாமி ராஜா பாலிடெக்னிக், 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் எனப் பட்டியல் நீளும். ஆனால் நேரடிக் கல்லூரி பள்ளியை முடித்த கையோடு வரும் மாணவரை மனதில் வைத்து அமைந்தது. வகுப்பு பகலில் நடக்கும். அரசு மற்றும் அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரிகளின் சேர்க்கை வழிகாட்டியில் இளநிலைப் படிப்புக்கு மேல் வயது வரம்பும் உண்டு. பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சில ஆண்டுகள் தளர்வு கிடைக்கும். முப்பதைத் தாண்டியவருக்கு அந்தத் தளர்வு பெரும்பாலும் போதாது. மில்லில் ஷிப்ட் பார்ப்பவருக்கு வயது தடையாக இல்லாவிட்டாலும் நேரம் தடையாகிவிடும். தொழிற்பயிற்சி நிலையங்களில் இந்த வரம்பு தாராளமானது: ஆண்களுக்கு 40 வயது வரை, பெண்களுக்கு உச்ச வரம்பே இல்லை.

திறந்த கதவு

வேலை பார்த்துக்கொண்டே பட்டம் பெறும் வழி இப்பகுதிக்கு மதுரை வழியாக வந்தது. இந்தியாவில் அஞ்சல்வழிக் கல்வி 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 1966இல் நிறுவப்பட்ட மதுரைப் பல்கலைக்கழகம் (1978 முதல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம்) 1971இல் அஞ்சல்வழிப் படிப்புகளைத் தொடங்கியது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் முதல் மாணவர்களுக்குப் பாடம் நடத்தத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். தபாலில் வரும் பாடக் கட்டுகள், விடுமுறை நாட்களில் நேர்முக வகுப்பு, ஆண்டுக்கொரு தேர்வு என்ற முறையில் ஆசிரியர்களும் எழுத்தர்களும் மில் ஊழியர்களும் பட்டதாரிகள் ஆனார்கள்.

பின்னர் வந்த திறந்தநிலை முறை இன்னும் ஒரு படி மேலே சென்றது. பிளஸ் டூ இல்லாவிட்டாலும் 18 வயது நிறைந்தவர் ஒரு நுழைவுத் தேர்வையோ ஆயத்தப் படிப்பையோ முடித்து இளநிலைப் பட்டத்தில் சேரலாம் என்றது அது. சில பல்கலைக்கழகங்கள் 21 வயது நிறைந்தவரை இளநிலைப் பட்டம் இல்லாமலேயே எம்.ஏ.வில் சேர்த்துக்கொண்டன. 1985இல் தோன்றிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் (இக்னோ), 2002இல் தோன்றிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் பிளஸ் டூ இல்லாதவர்களுக்காக இளநிலை ஆயத்தப் படிப்பை நடத்தின. ஆறு மாதம் படித்துத் தேறினால் பி.ஏ.வில் சேரலாம். எட்டாம் வகுப்போடு ஆலைக்குள் நுழைந்த ஒருவருக்கு இதைவிடக் குறுகிய வழி வேறில்லை.

வரிசைச் சட்டம்

அந்தக் குறுக்கு வழியின் விலை 2009இல் தெரியவந்தது. அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனத்தின் முதல்வர் பதவி தொடர்பான வழக்கில், இளநிலைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் பெற்ற முதுகலைப் பட்டம் பல்கலைக்கழக மானியக் குழுவின் 1985ஆம் ஆண்டு விதிமுறைகளுக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. வழக்கில் மேல்முறையீடு செய்திருந்தது அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அதே ஆண்டு ஆகஸ்ட் 18 அன்று தமிழ்நாடு அரசு அரசாணை எண் 107ஐ (பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை) வெளியிட்டது. பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் தேறிய பின் பெற்ற திறந்தநிலைப் பட்டங்களே அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்கப்படும் என்பது அதன் சாரம்.

பின்னர் இது சட்டமாகவே ஆனது. தமிழ்நாடு அரசுப் பணியாளர்கள் (பணி நிபந்தனைகள்) சட்டம், 2016இன் 25ஆம் பிரிவைச் சுட்டித்தான் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் அறிவிக்கைகள் கல்வித் தகுதியை விளக்குகின்றன: பத்தாம் வகுப்பு, மேல்நிலை அல்லது அதற்கு இணையானது, இளநிலைப் பட்டம், தேவையானால் முதுகலை என்ற வரிசையிலேயே தேர்ச்சி இருக்க வேண்டும். பேச்சு வழக்கில் இதை 10+2+3 என்பார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய சொல் 'வரிசை'. ஆயத்தப் படிப்பு மூலம் பி.ஏ. முடித்துவிட்டு, 'பிறகு பிளஸ் டூவையும் எழுதிக்கொள்ளலாம்' என்று எண்ணுவோர் உண்டு. அப்படி எழுதினால் கையில் மூன்று சான்றிதழ்களும் இருக்கும், ஆனால் அவற்றின் தேதிகள் முன்பின்னாக இருக்கும். சட்டம் கேட்பது தேதிகளின் ஒழுங்கை. ஆயத்தப் படிப்பைப் பிளஸ் டூவுக்கு இணையானதாகக் கொள்ள முடியாது என்று இக்னோவின் கையேடே சொல்கிறது. அதைப் படிக்காமல் சேருபவர்கள்தான் மிகுதி. பேருந்து நிலையச் சுவர்களில் 'எட்டாவது படித்தவருக்கும் பட்டம்' என்று ஒட்டப்படும் சுவரொட்டிகள் பொய் சொல்வதில்லை. பாதியைச் சொல்லாமல் விடுகின்றன.

அரசு வேலை நாற்பது வயதுக்காரருக்கு எதற்கு என்ற கேள்வி எழலாம். குரூப் 4 போன்ற தேர்வுகளில் பத்தாம் வகுப்பு மட்டும் தகுதியாக உள்ளவருக்கு வயது வரம்பு உண்டு. அதற்கு மேல் பிளஸ் டூவோ பட்டமோ பெற்ற ஆதிதிராவிடர், பழங்குடியினர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருக்கும் ஆதரவற்ற விதவைகளுக்கும் ஓய்வு வயதான 60 நிறையாதவரை விண்ணப்பிக்க உரிமை இருக்கிறது. ஆகவே 34 வயதில் பத்தாம் வகுப்புக்குப் படிக்கத் தொடங்கும் ஒரு பெண் நாற்பதை ஒட்டி முறையான பட்டதாரியாகிப் போட்டித் தேர்வு எழுதலாம். குறுக்கு வழியில் போனால் 38 வயதிலேயே பட்டம் கையில் இருக்கும். தேர்வு எழுதும் உரிமை இருக்காது. இரண்டு ஆண்டு மிச்சம் பிடித்து இருபது ஆண்டு வாய்ப்பை விடுவது போன்றது இது.

நீதிமன்ற வாசலில்

சட்டப் படிப்பில் இதே விதி இன்னும் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தைச் சுற்றி வக்கீல் குமாஸ்தாக்கள், தட்டச்சர்கள், பத்திரம் எழுதுவோர் பலர் பிழைக்கிறார்கள். பல ஆண்டு வழக்குக் கட்டுகளோடு பழகியவருக்கு வழக்கறிஞராகும் ஆசை வருவது இயல்பு. தமிழ்நாட்டில் மூன்றாண்டு எல்எல்.பி. படிப்புக்கு ஒரு பட்டம் இருந்தால் போதும், தொலைநிலையில் பெற்றதும் ஏற்கப்படும். ஆனால் இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளின் 5ஆவது விதி, அடிப்படைத் தகுதி இல்லாமல் திறந்தநிலை முறையில் நேரடியாகப் பிளஸ் டூவோ பட்டமோ பெற்றவர்களுக்குச் சட்டக் கல்லூரியில் இடமில்லை என்கிறது.

அடுத்த தடை தூரம். சட்டத்தை அஞ்சல் வழியில் படிக்க முடியாது. அருகிலுள்ள அரசு சட்டக் கல்லூரிகள் மதுரையிலும் திருநெல்வேலியிலும் உள்ளன. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை ஏறத்தாழ 75 கி.மீ., ராஜபாளையத்திலிருந்து 85 கி.மீ. அன்றாட வருகைப் பதிவு கட்டாயமான படிப்புக்கு மூன்று ஆண்டுகள் போய்வர வேண்டும் என்றால் குமாஸ்தா வேலையை விட்டே ஆக வேண்டும். இந்த முடிவைப் பட்டம் தொடங்கும்போதே குடும்பத்தோடு பேசிவிடுவது நல்லது.

தனித்தேர்வு

வரிசையைச் சரிசெய்யும் வழி தனித்தேர்வு. பள்ளியில் சேராமல், அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் பொதுத்தேர்வை நேரடியாக எழுதுவது இது. எட்டாம் வகுப்புத் தேர்வுக்கு 12½ வயதும் பத்தாம் வகுப்புக்கு 14½ வயதும் நிறைந்திருக்க வேண்டும். மேல் வரம்பு கிடையாது. கல்வி மாவட்டம்தோறும் உள்ள அரசுத் தேர்வுகள் சேவை மையத்துக்கு நேரில் சென்று இணையவழியில் பதிய வேண்டும். குறித்த நாளைத் தவறவிட்டால் கூடுதல் கட்டணத்தோடு 'தட்கல்' முறையில் சில நாட்கள் கிடைக்கும்.

பத்தாம் வகுப்பில் பலர் தடுக்கி விழுவது அறிவியல் செய்முறையில். எழுத்துத் தேர்வுக்கு விண்ணப்பிப்பதற்குப் பல மாதங்கள் முன்பே மாவட்டக் கல்வி அலுவலகத்தில் செய்முறைப் பயிற்சிக்குப் பெயர் பதிந்து, ஒதுக்கப்பட்ட பள்ளியில் பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும். இந்த அறிவிப்பு நாளிதழில் ஒரு சிறு கட்டமாக வந்து போய்விடும். அதைத் தவறவிட்டவருக்கு ஓர் ஆண்டு போய்விடுகிறது. மில்லில் இரவு ஷிப்ட் பார்ப்பவர் பகல் பயிற்சிக்கு வர வேண்டும் என்பதால் ஷிப்ட் மாற்றிக்கொடுக்கும் மேஸ்திரியின் தயவும் தேவை.

மேல்நிலையில் செய்முறை இல்லாத பாடங்களான வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், வரலாறு போன்றவற்றை எடுப்பதே தனித்தேர்வருக்கு உரிய வழி. பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு என்ற முறை 2017-18இல் வந்தது. பள்ளி மாணவர்களுக்கு 2025-26 முதல் அது கைவிடப்பட்டுள்ளதால், தனித்தேர்வருக்கு அந்தந்த ஆண்டில் பொருந்தும் முறையைச் சேவை மையத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். மேல்நிலையில் மொத்தம் 600 மதிப்பெண். பாடத்துக்கு 35 எடுத்தால் தேர்ச்சி.

தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்தவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் தமிழ், ஆங்கிலம் ஆகிய இரண்டு மொழித்தாள்களை மட்டும் எழுதிப் பிளஸ் டூவுக்கு இணையான சான்று பெறலாம். எட்டாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ. படித்தவர் அதே முறையில் பத்தாம் வகுப்புக்கு இணையான சான்று பெறலாம். ஆலைகளில் பிட்டராகவும் எலக்ட்ரீசியனாகவும் வேலை செய்வோரில் பலருக்கு இது தெரிவதில்லை. பாலிடெக்னிக் பட்டயம் முடித்தவர் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இன்னொரு வாய்ப்பு. ஐந்து பாடம், ஐந்தாண்டு காலம், அதற்குள் ஒன்பது வாய்ப்புகள் என்பதால் வேலைக்குப் போகிறவருக்கு அது இலகுவானது. எந்த வேலைக்காகப் படிக்கிறாரோ அந்தத் துறை இச்சான்றை ஏற்கிறதா என்று பணம் கட்டும் முன் எழுத்தில் உறுதிசெய்துகொள்வது அவசியம்.

பெயரும் தலைப்பெழுத்தும்

இருபது ஆண்டுகளுக்கு முன் பள்ளியை விட்டவரின் விண்ணப்பம் நின்றுபோகும் இடம் பெரும்பாலும் பெயர்தான். மதிப்பெண் பட்டியலில் தந்தையின் தலைப்பெழுத்து இருக்கும். திருமணத்துக்குப் பின் எடுத்த ஆதாரில் கணவரின் பெயர் இருக்கும். வங்கிக் கணக்கில் மூன்றாவது விதமாக இருக்கும். முன்பு இதைக் கல்லூரி அலுவலகத்தில் விளக்கிச் சமாளிக்கலாம். இப்போது தொலைநிலைப் படிப்பில் சேர மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பணியகத்தில் தனி அடையாள எண் பெற வேண்டும். அதற்கு டிஜிலாக்கர் வழியாகப் பெறும் கல்வி வரவு வங்கி எண் தேவை. அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி ஆதார். கணினிக்கு விளக்கம் சொல்ல முடியாது.

திருத்துவதாக இருந்தால் பள்ளிச் சான்றிதழைத் தொடாமல் ஆதாரைச் சான்றிதழுக்கு ஒத்துவரச் செய்வதே எளிது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இருமுறையும் பிறந்த தேதியை ஒருமுறையும் மாற்ற இடமுண்டு. ஆகவே அவசரப்பட்டு ஒரு வாய்ப்பை வீணாக்காமல், எல்லாச் சான்றிதழ்களையும் ஒன்றாக விரித்துவைத்துப் பார்த்த பிறகே மாற்ற வேண்டும். பழைய தலைமுறையில் பிறந்த நாள் தெரியாத பிள்ளைகளுக்குத் தலைமையாசிரியர் தோராயமாக ஒரு தேதியை எழுதிவிடுவது வழக்கம். வீட்டார் சொல்லும் உண்மையான தேதியை ஆதாரில் கொடுத்தவர்களுக்கு இரண்டும் பொருந்தாது. இதில் எது சரியான தேதி என்ற வாதம் பயன்படாது. பட்டத்தையும் வேலையையும் கணக்கில் கொண்டால் பள்ளித் தேதிதான் வெல்லும்.

மதிப்பெண் பட்டியல் தொலைந்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று பெற்று, படித்த பள்ளி வழியாகத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பித்து இரண்டாம் படி வாங்க வேண்டும். இதற்கு மாதக் கணக்கில் ஆகும் என்பதால் சேர்க்கை அறிவிப்பு வரும்வரை காத்திருக்கக் கூடாது.

பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு பல்கலைக்கழகம் பெயர்பெற்றது என்பதால் அதன் தொலைநிலைப் படிப்பும் அங்கீகரிக்கப்பட்டது என்று ஆகிவிடாது. மானியக் குழு ஒவ்வொரு படிப்புக்கும் ஆண்டுவாரியாக ஒப்புதல் தருகிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கான ஒப்புதல் 2014-15 கல்வியாண்டு வரையே இருந்தது என்று 2022 மார்ச்சில் மானியக் குழு அறிவித்தபோது, அதற்குப் பிறகு சேர்ந்தவர்கள் கலங்கிப்போனார்கள். சேரும் ஆண்டு, சேரும் படிப்பு இரண்டுமே தொலைநிலைக் கல்விப் பணியகத்தின் இணையதளப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்வது பின்னாளில் உதவும். ஒப்புதல் உள்ள தொலைநிலைப் பட்டம் நேரடிக் கல்லூரிப் பட்டத்துக்கு இணையானது என்று 2022 செப்டம்பரில் அதே மானியக் குழு தெளிவுபடுத்தியும் உள்ளது.

பொறியியல், மருத்துவம், செவிலியர் படிப்பு, மருந்தியல், சட்டம், விவசாயம் ஆகியவற்றைத் தொலைநிலையில் நடத்த அனுமதி இல்லை. யாராவது நடத்துவதாகச் சொன்னால் மேற்கொண்டு விசாரிக்கத் தேவையில்லை.

தமிழ்வழியில் படிக்க விரும்புவோருக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாய்ப்பு அதிகம். இக்னோவில் ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இருமுறை சேர்க்கை நடக்கும். மூன்றாண்டுப் பட்டத்தை முடிக்க அங்கே ஆறு ஆண்டு வரை அவகாசம் உண்டு. ஆலையில் 'ஓவர்டைம்' மாதங்களும் வீட்டில் பிள்ளைகளின் பொதுத்தேர்வும் குறுக்கிடும் வாழ்க்கைக்கு அந்த மூன்று ஆண்டு உபரிக் காலம் சிறிய விஷயமன்று. படிக்க இடம் தேடுபவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875இல் தொடங்கிய பென்னிங்டன் பொது நூலகம் இருக்கிறது.

'புதுமைப் பெண்', 'தமிழ்ப் புதல்வன்' திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் நேரடிக் கல்லூரி மாணவர்களுக்கானது. தொலைநிலையில் சேருவோர் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

முதல் பட்டதாரி யார்?

தொழிற்படிப்புகளில் ஒற்றைச் சாளர முறையில் சேரும் மாணவருக்கு, அவர் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால், தமிழ்நாடு அரசு கல்விக் கட்டணச் சலுகை தருகிறது. தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் எவரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. மகளோ மகனோ பத்தாம் வகுப்புப் படிக்கும் காலத்தில் தாய் பட்டப்படிப்பில் சேர்ந்தால், பிள்ளை பொறியியல் கலந்தாய்வுக்குப் போகும் நேரத்தில் தாய் பட்டதாரியாகியிருப்பார். அந்த வீட்டில் முதல் பட்டதாரி அவர்தான். பிள்ளைக்குச் சலுகை கிடைக்காது.

ஊக்குவித்துப் பேசும் கூட்டங்களில் இதை யாரும் சொல்வதில்லை. ஆனால் சம்பளத்தை எண்ணிச் செலவிடும் வீடுகளில் இந்தக் கணக்குப் போடப்படுகிறது, பெரும்பாலும் தாய் தன் படிப்பைத் தள்ளிவைப்பதில் அது முடிகிறது. முழுவதும் தள்ளிவைக்க வேண்டிய கட்டாயம் உண்மையில் இல்லை. முதல் பட்டதாரிச் சான்று கேட்பது பட்டத்தைத்தான், பள்ளித் தேர்ச்சியை அல்ல. பிள்ளை பள்ளியில் இருக்கும் ஆண்டுகளில் தாய் பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் எழுதி முடித்துவிடலாம். பிள்ளை கல்லூரியில் சேர்ந்து சலுகையைப் பெற்றுக்கொண்ட அதே ஆண்டு அவரும் பி.ஏ.வுக்கு விண்ணப்பிக்கலாம். அப்போது அவரது சான்றிதழ்களின் வரிசையும் சரியாக இருக்கும்.